படையா, சொரியாசிஸா? பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம்

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உங்கள் தாத்தாவின் முழங்கையில் செதில் செதிலாக ஒரு தடிப்பு. 'படர்தாமரை' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். 'அந்தக் காலத்தில் பாலை உறைய வைக்கும் அமிலம் பட்டது' என்கிறார் தாத்தா. ஈப்போவில் வாங்கிய களிம்பைத் தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. இது எந்த நோய்?

வெறும் கண்ணுக்குப் பல தோல் நோய்கள் ஒன்றுபோலத் தெரியும். அவற்றைப் பிரித்தறிய உதவும் சிறு கைக்கருவிதான் டெர்மோஸ்கோப். தோலைச் சுமார் 10 மடங்கு பெரிதாக்கும் லென்சும் விளக்கும் அதில் உண்டு. சாதாரண ஒளி தோலின் மேற்பரப்பில் பட்டுப் பளபளக்கும். முனைவாக்கிய ஒளியோ அந்தப் பளபளப்பை நீக்கி, சற்று ஆழத்தில் உள்ளதையும் காட்டும்.

மருத்துவர் எதைத் தேடுகிறார்?

சொரியாசிஸ்: வெண்செதில்களுக்கு அடியில் சிவப்புப் புள்ளிகள் சீராகப் பரவியிருக்கும். மேல்தோலை நோக்கி நீண்டு வளரும் நுண் இரத்தக் குழாய்களின் நுனிகளே அவை.

எக்சிமா: புள்ளிகள் அங்கங்கே கொத்தாக இருக்கும். கசிந்த நீர் உலர்ந்து மஞ்சள் பொருக்காகப் படிந்திருக்கும்.

லைக்கன் பிளானஸ்: வலைபோல வெண்கோடுகள் ஓடும். பிரெஞ்சு மருத்துவர் விக்ஹாம் 1895இல் விவரித்ததால் அவை அவர் பெயரையே பெற்றன.

படர்தாமரை: செதில்கள் பெரும்பாலும் விளிம்பில் இருக்கும். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் மெலனின் சிவப்பை மறைக்கும். அழற்சி பழுப்பாகவோ, சாம்பலாகவோ, ஊதாவாகவோ தெரியலாம். 'சிவக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை' என்று விட்டுவிடக் கூடாது. இங்கே செதிலின் நிறமும் அது படிந்துள்ள இடமுமே நல்ல துப்பு. கருவியை அழுத்திப் பிடித்தால் குழாய்களிலுள்ள இரத்தம் விலகி, புள்ளிகளே மறைந்துவிடும். மெதுவாக வைத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் ஐயம் தீராவிட்டால் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

பெயர் தெரிந்து என்ன பயன்? ஸ்டீராய்டு களிம்பு எக்சிமாவைத் தணிக்கும். அதையே படர்தாமரையில் தடவினால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ பரவும். அதன் வழக்கமான வட்ட வடிவமும் மாறுவதால் மருத்துவரே ஏமாறலாம். சொரியாசிஸ் சிலருக்கு மூட்டுகளையும் தாக்கும். அதைத் தோலோடு நிற்கும் நோயென்று நினைக்க வேண்டாம்.

ஆகவே, தாத்தாவை அரசு கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவையானால் தோல் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் தருவார்கள். இதுவரை தடவிய களிம்புக் குழாய்களையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.