புட்டியில் அடைத்த செல்வம்: வாங்குமுன் மூன்று சோதனைகள்

2023 நவம்பரில், 1926ஆம் ஆண்டு வடிக்கப்பட்ட மெக்காலன் விஸ்கிப் புட்டி ஒன்று லண்டனில் சோதபீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 22 இலட்சம் பவுண்டுக்கு விலைபோனது. இத்தகைய செய்திகளைக் காட்டி, அரிய ஒயினும் விஸ்கியும் தங்கத்துக்கு நிகரான முதலீடு என்று கூறுவோர் பெருகியுள்ளனர். புனேயில் வாழும் வாடிக்கையாளர் ஒருவர் தம் பணிக்கொடைத் தொகையின் ஒரு பகுதியை இதில் இடலாமா? மூன்று சோதனைகள் விடை தரும்.

முதலாவது: கெடாமல் காக்க இயலுமா?

சிறந்த ஒயின் புட்டிக்குள்ளும் முதிரும். ஆனால் அதற்கு 12 முதல் 14 பாகை செல்சியஸ் வெப்பமும் இருளும் ஈரப்பதமும் மாறாதிருத்தல் வேண்டும். புனேயின் கோடையில் வெப்பம் 40 பாகையை எட்டும்; வீட்டு அலமாரியில் வைத்த ஒயின் விரைவில் சுவை கெடும். விஸ்கியோ புட்டியில் முதிர்வதில்லை. மரப்பீப்பாயில் மட்டுமே முதிரும். அங்கும் இழப்பு உண்டு. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிறது. 200 லிட்டர் பீப்பாயில் பத்தாண்டுக்குப் பின் ஏறத்தாழ 163 லிட்டரே எஞ்சும். சாராயச் செறிவு 40 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் அதனை ஸ்காட்ச் என்ற பெயரில் விற்கவும் இயலாது.

இரண்டாவது: உரிமையை மெய்ப்பிக்க இயலுமா?

விலையுயர்ந்த ஒயின்களைப் போலியாகத் தயாரித்து விற்ற ரூடி குர்னியவானுக்கு 2014இல் நியூயார்க் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. தேர்ந்த சேகரிப்பாளர்களே அவரிடம் ஏமாந்தனர். பீப்பாய் வாணிபத்தில் ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்ற மோசடிகளும் வெளிவந்துள்ளன. விற்பவர் தரும் அழகிய சான்றிதழ் உரிமைப் பத்திரம் ஆகாது. பீப்பாயின் எண்ணைக் குறித்து, அது தங்கள் பெயருக்கு மாற்றப்பட்டதைக் கிடங்கு உரிமையாளரே எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும்.

மூன்றாவது: சட்டப்படி விற்க இயலுமா?

பலரும் மறக்கும் சோதனை இதுவே. மகாராட்டிரத்தில் 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மது வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதிச்சீட்டு தேவை. வைத்திருக்கும் அளவுக்கும் வரம்புண்டு. உரிமமின்றி விற்பது குற்றம். ஆகவே வீட்டிலுள்ள அரிய புட்டியின் விலை எவ்வளவு உயர்ந்தாலும், அதனைத் தனிநபர் ஒருவர் அண்டை வீட்டாருக்குக்கூட விற்றுப் பணமாக்க இயலாது. விற்க இயலாத பொருளுக்குச் சந்தை விலை இருந்தும் பயனில்லை.

வெளிநாட்டுக் கிடங்கில் வாங்கலாமே எனலாம். அதற்கு அனுப்பும் பணம் ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டது. நோக்கத்தை உள்ளவாறே வங்கியில் தெரிவித்தல் வேண்டும். அச்சொத்தை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் காட்டுதல் வேண்டும். கிடங்கு வாடகை, காப்பீடு, தரகு ஆகியவை ஆண்டுதோறும் ஆதாயத்தைக் குறைக்கும். வட்டியோ பங்காதாயமோ இடையில் கிடைக்காது.

புட்டிக்கு மாற்றாக, ஒயின் நிறுவனத்தின் பங்குகளை வாங்குவது சட்டப்படி எளிது, விற்பதும் எளிது. ஆயினும் அதற்கும் தனி ஆய்வு தேவை. புனே மாவட்டம் நாராயண்காவில் 1980களில் தோன்றிய இண்டேஜ் நிறுவனம், ஓமர் கய்யாம் என்னும் நுரை ஒயினை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் புகழ் பெற்றது. பின்னர் வேகமாக விரிவடைந்து, 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியை அடுத்துக் கடன் சுமையால் வீழ்ந்தது. ஒயினின் தரம் பங்குதாரரின் பணத்தைக் காக்கவில்லை.

எனவே பணிக்கொடை, பிள்ளைகளின் கல்விக்கான சேமிப்பு, அவசர நிதி ஆகியவற்றை இத்துறையில் இடுதல் கூடாது. ஆர்வத்தால் சேகரிப்போர் அச்செலவை முதலீட்டுக் கணக்கில் எழுதாமல் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதுவது நன்று. உறுதியான ஆதாயம் தருவதாகத் தொலைபேசியில் எவரேனும் அழைத்தால், மேற்கண்ட மூன்று வினாக்களுக்கும் எழுத்தில் விடை கேளுங்கள். அது கைக்கு வரும்வரை பணம் அனுப்பாதீர்கள்.