ரயிலில் ஏறாத எழுத்து

ஸ்கிராபிள் பலகை முன்னால் முதல்முறை உட்காரும் பிள்ளைகளுக்கும், காலைப் பேப்பரில் இங்கிலீஷ் குறுக்கெழுத்தைக் கண்டதும் பக்கத்தைத் திருப்பிவிடும் பெரியவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் தமிழ் மீடியம். ரயில்வே பார்சல் ஆபீசில் காலம் தள்ளியவன். கையில் இருக்கும் எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் சொல்லைத் தேடுவதுதான் ஓய்வுக்குப் பிறகு என் வேலை.

1. இங்கிலீஷ் வராது என்ற பயத்தை வாசலில் செருப்போடு விடுங்கள். நைஜல் ரிச்சர்ட்ஸ் என்று ஒரு நியூசிலாந்துக்காரர். பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை ஒன்பது வாரம் மனப்பாடம் செய்துவிட்டுப் போய், 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வாங்கிவந்தார். 2024இல் ஸ்பானிஷிலும் அதே கதை. அவர் அளவுக்கு நினைவாற்றல் நமக்கு வாய்க்காது, அது வேறு விஷயம். ஆனால் சொல்லை அறிவது ஒன்று, சொல்லைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. இரண்டாவதில் கண்ணுக்குத்தான் பயிற்சி.

2. எல்லா வரிசையையும் போட்டுப் பார்க்கக் கிளம்பாதீர்கள். கையில் வரும் ஏழு எழுத்தும் வெவ்வேறாக இருந்தால் 5040 விதமாக அடுக்கலாம். விநாடிக்கு ஒன்று பார்த்தாலும் 84 நிமிஷம் ஆகும். போட்டியில் ஒருவருக்கு முழு ஆட்டத்துக்குமே 25 நிமிஷம்தான்.

3. கூட்டி வாசிக்காதீர்கள். இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த கூலி அதிகம். ஒருமுறை என் ரேக்கில், அதாவது எழுத்துகளை நிறுத்திவைக்கும் தாங்கியில், ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி வந்தது. பார்த்த மாத்திரத்தில் ‘ட்ரெயின்ஸ்’ என்று கண்ணில் பட்டுவிட்டது. ரயில்வேக்காரனுக்கு வேறென்ன படும்! வைத்தேன். எல்லாமே ஒரு புள்ளி எழுத்து, எழுத்துக் கணக்கில் ஆறே புள்ளி. இ மட்டும் ரேக்கில் தனியாக நின்றது. எதிரே ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண். ஆட்டம் முடிந்ததும் என் எழுத்துகளை அவள் பக்கம் இழுத்து, இரண்டு விரலால் நகர்த்தி ‘ரீடெய்ன்ஸ்’ என்று வைத்தாள். பிறகு ‘நாஸ்டியர்’. “அங்கிள், இ-யை பிளாட்ஃபார்ம்லயே விட்டுட்டீங்களே” என்றாள். ஏழையும் ஒரே முறையில் வைத்தால் கூடுதலாக 50 புள்ளி. பலகையில் இடமும் இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தமிழில் எழுத்துக் கூட்டிப் பழகியவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கூடுதல். வாய்க்குள் ஒலி வந்துவிட்டால் கண் வேலையை நிறுத்திவிடும். ஒரு சொல் தெரிந்தவுடன் டைல்களை, அதாவது எழுத்துக் கட்டைகளை, கலைத்துவிடுங்கள். தெரியாவிட்டாலும் கலையுங்கள். கை சும்மா இருக்கவே கூடாது.

4. பள்ளிக்கூடத்தில் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று படித்தோமே, அது இங்கேயும் உண்டு. நம் மொழியில் வல்லின மெய்யில் சொல் முடியாது. இங்கிலீஷில் வி-யில் சொல் முடிவது அபூர்வம். ‘கிவ்’, ‘ஹேவ்’, ‘லவ்’ எல்லாவற்றிலும் பின்னால் ஒரு இ காவலுக்கு நிற்கிறது பாருங்கள். சி-யும் கே-யும் ஜோடியாகச் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும், முதலில் வராது. எச் பல நேரம் எஸ், சி, டி இவர்களில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வரும். ரேக்கில் எச் வந்தால் உடனே துணையைப் பக்கத்தில் வையுங்கள். 5040 சட்டென்று சில நூறாகச் சுருங்கும்.

5. ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் வலது ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மீதியைப் பாருங்கள். ஆர், இ இருந்தால் இடது ஓரத்திலும் வைத்துப் பாருங்கள், வலது ஓரத்தில் திருப்பியும் பாருங்கள்.

6. அஸ்திவாரச் சொல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது ‘ரெடினா’, கண்ணின் விழித்திரை. ஆறு எழுத்து. ஏழாவதாக ஜி வந்தால் ‘கிரானைட்’. சி வந்தால் ‘சர்ட்டன்’. எஃப் வந்தால் ‘ஃபெயின்டர்’. எம் வந்தால் மசூதியின் ‘மினரெட்’. எச் வந்தால் தலைக்குப் போடும் ‘ஹேர்நெட்’. பென்சிலுக்கு வரும் பி என்றால் ‘பெயின்டர்’. கே வந்தால் நகத்திலும் முடியிலும் இருக்கும் ‘கெரட்டின்’. ஒரு மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் வார்ப்பதுபோல. மாவு என்றதும் நினைவு வருகிறது: ஸ்கிராபிளின் காலின்ஸ் பட்டியலில் இட்லி இருக்கிறது, தோசையும் இருக்கிறது. ஆனால் ‘தோசா’ ஒருமையாம், ‘தோசை’ பன்மையாம்! ஒரு தோசை கேட்டால் இரண்டு வந்துவிடும் போலிருக்கிறது. சிரித்துவிட்டுப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

7. எஸ்ஸை அஞ்சுக்கும் பத்துக்கும் விற்காதீர்கள். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனவர். நியூயார்க்கில் பேப்பரை விரித்துவைத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி எண்ணி டைல் கணக்கைப் போட்டார். மொத்தம் 100 டைல். இ மட்டும் 12. எஸ் நான்கே நான்கு. எல்லாரும் பன்மையாக்கியே பிழைத்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே குறைத்தார். வேலையில்லாத மனுஷனின் சிக்கனம்.

8. க்யூ வந்து யு வராவிட்டால் அழ வேண்டாம். ‘ஃபகீர்’ இருக்கிறது, நம் ஊர்ப் பக்கிரிதான். அதில் யு கிடையாது. ‘தலாக்’கும் அப்படியே. க்யூவும் ஐயும் மட்டும் சேர்ந்த இரண்டெழுத்துச் சொல் சீனாவிலிருந்து வந்தது, உயிர்மூச்சு என்று பொருள். பல ஆட்டத்தில் எனக்கு அது நிஜமாகவே உயிர்மூச்சு.

9. குறுக்கெழுத்துக்காரர்களுக்கு. ‘தி ஹிந்து’ குறுக்கெழுத்தை 1970களில் அமைத்தவர் அட்மிரல் கட்டாரி, செங்கல்பட்டில் பிறந்தவர், கடற்படைக்குத் தளபதியான முதல் இந்தியர். அந்த மாதிரி மறைபொருள் குறிப்பில் குழப்பம், உடைப்பு, குடிபோதை, சமையல் என்று பொருள்படும் ஒரு சொல் வந்தால், பக்கத்திலிருக்கும் எழுத்துகளைக் கலைத்துப் போடச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அந்த எழுத்துகளை வரிசையாக எழுதாதீர்கள், பேப்பர் ஓரத்தில் வட்டமாக எழுதுங்கள். வட்டத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. பழைய சொல் கண்ணை விட்டுப் போய்விடும்.

10. செல்போனில் எழுத்துகளைத் தட்டினால் சொல்லைக் கொட்டும் ஆப் இருக்கிறது. அதன் ரகசியம் எளிது: எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி, அதே அடுக்கு உள்ள சொற்களையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறது. நாற்பது பக்க நோட்டில் நீங்களும் அதைச் செய்யலாம். இடப்பக்கம் அடுக்கு, வலப்பக்கம் சொற்கள். தவறவிட்டதை மட்டும் எழுதுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

11. ஏ, இ, எல், எஸ், டி. ஐந்தே எழுத்து, ஐந்தையும் சேர்த்து எனக்குத் தெரிந்து பத்துச் சொல்லுக்கு மேல் தேறும். அந்தக் காலத்தில் கோவை இலையால் அழித்த பள்ளிக்கூடச் சாமான் ஒன்று, ஆறிப் பழசாகிப்போன பண்டம் ஒன்று, போலீஸ் பிடிக்கும் காரியம் ஒன்று. மீதியை நீங்கள் தேடுங்கள். ஏழு கிடைக்கும் வரை ஆப்பைத் திறக்கக் கூடாது.