குடவோலையும் ஸ்ட்ரெப்டோமைசினும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அம்முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை. இதே தத்துவம் காசநோய் மருந்தாராய்ச்சியிலும் பயன்பட்டதை அறிந்து வியந்தேன்.

1943இல் அமெரிக்காவில், பேராசிரியர் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் ஆராய்ச்சி மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். கிருமியினுள் புரதம் உண்டாக்கும் ரைபோசோமைப் பற்றி, அவ்வேலையைக் குலைப்பதே இம்மருந்தின் செயல்.

ஆனால் மருந்தின் பலனை எப்படி நிரூபிப்பது? காசநோய் சிலருக்கு ஓய்விலேயே தணிவதுண்டு. தேறக்கூடியவர்களையே மருத்துவர் தேர்ந்தெடுத்தால் பலன் பொய்யாகிவிடும். ஆகவே பிரிட்டனில், புள்ளியியலறிஞர் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்தபடி, தகுதியான நோயாளிகளை மூடிய உறையிலிருந்த சீட்டின்படி இரு பிரிவாக்கினர். 1948இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படித்ததை வீட்டில் சொல்வது வழக்கம். இதைக் கேட்ட ஆயா, "உயிர் விஷயத்துல சீட்டுக் குலுக்கலாமாடா?" என்றார். நியாயமான கேள்வி. அன்று பிரிட்டனில் எல்லோருக்கும் போதுமான மருந்து இல்லை. அது உறுதியாகக் குணமாக்குமா என்பதும் தெரியாது. அந்நிலையில் செல்வாக்குக்கு வளையாத சீட்டே நேர்மையானது என்றேன்.

அச்சோதனை இன்னோர் உண்மையையும் காட்டியது. தனியாகக் கொடுத்தால், கிருமிகள் இம்மருந்தை எதிர்க்கப் பழகிவிடுகின்றன. எனவே கூட்டு மருந்து முறை வந்தது.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. ஐசோனியாசிட், பாஸ் என்னும் இரு செயற்கை மருந்துகளை ஏழை நோயாளிகளுக்குக் கொடுத்தனர். சானட்டோரியமா, சொந்த வீடா என்பதை மட்டும் சீட்டு முறை தீர்மானித்தது. 1959இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் நோய் அடங்கியோர் சானட்டோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. குடிசையும் குறைந்த உணவும் பெருந்தடையாகவில்லை. வீட்டிலிருந்தே மருந்துண்ணும் முறை உலகெங்கும் பரவ இது வழிவகுத்தது.

கூலி வேலை செய்வோர் பிள்ளைகளைப் பிரியாமலே குணமடையலாம் என்பதை நம் ஊர் ஏழைகளே உலகுக்கு மெய்ப்பித்தனர். அவர்களுடைய பெயர்கள் கல்வெட்டில் இல்லை. நாம் நன்றியுடன் நினைப்பது கடமை.