அப்ரண்டிஸ் என்றால் எடுபிடியா?

பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியானதும் பல வீடுகளில் ஒரே மாதிரியான பேச்சு எழும். மார்க் நன்றாக இருந்தால் மேல்நிலைப் படிப்பு, குறைந்துவிட்டால் ஐ.டி.ஐ. அதையும் முடித்துவிட்டு, ‘ஏதாவது ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேரட்டுமா?’ என்று பிள்ளை கேட்டால் மாமாவோ சித்தப்பாவோ உடனே குறுக்கிடுவார்: “அங்கே போனா டீ வாங்கிட்டு வரச் சொல்வான், தரையைக் கூட்டச் சொல்வான். ஒரு வருஷம் வீணாப் போகும்.”

இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. எந்தப் பதிவும் இல்லாமல் ‘வேலை பழக’ பையன்களைச் சேர்த்துக்கொள்ளும் பட்டறைகளில் இது இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் அந்தப் பட்டறைகளில் பழகும் பையன்களில் பெரும்பாலோர் சட்டத்தின் பார்வையில் அப்ரண்டிஸே அல்ல. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நிறுவனமும் பழகுநரும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பழகுநர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். அந்த ஒப்பந்தம் அரசிடம் பதிவாக வேண்டும்; இப்போது இந்தப் பதிவு இணையதளத்தில் நடக்கிறது. பதிவு நடந்துவிட்டால் டீ வாங்கி வரச் சொல்வது நிறுவனத்தின் வழக்கம் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் பழகுநரை ஈடுபடுத்தச் சட்டமே தடை விதித்திருக்கிறது. இத்தனை பீஸ் முடித்தால் இவ்வளவு காசு என்று அவருக்குக் கூலி பேசவும் கூடாது. ஓவர்டைமில் வேலை வாங்க வேண்டுமென்றால் அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி வேண்டும். அதுவும் பயிற்சியின் நலனுக்காகவோ பொது நலனுக்காகவோ மட்டும்தான்.

ஆகவே கம்பெனி வாசலில் முதலில் கேட்க வேண்டியது ஒப்பந்தப் பதிவு எண்ணை. ‘டிரெய்னி’ என்று அடையாள அட்டை கொடுத்து, அசெம்பிளி லைனில் நிறுத்தி, மற்ற தொழிலாளர் பார்க்கும் அதே வேலையைக் குறைந்த பணத்துக்கு வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. டிரெய்னி என்ற பெயர் மட்டும் யாரையும் இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிடாது. இந்த வேறுபாடு தெரியாமல் பிள்ளைகள் ஏமாறுவது வேதனையானது. பள்ளியிலேயே இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

“சம்பளம் கிடையாது” என்பதும் தவறு. பழகுநருக்குக் கிடைக்கும் பணத்துக்கு உதவித்தொகை என்று பெயர். அதன் குறைந்தபட்ச அளவை விதிகள் வரையறுக்கின்றன. 2019 திருத்தத்தின்படி பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என அடிப்படைத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. பயிற்சி இரண்டாம் ஆண்டுக்கு நீண்டால் அது 10 சதவீதம் உயரும். சென்னையில் அறை எடுத்துத் தங்கும் வெளியூர்ப் பிள்ளைக்கு இது போதாது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் இது கீழ்வரம்புதான். இதற்கு மேல் கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் தடையில்லை.

பழகுநர் ‘தொழிலாளி’ அல்ல என்று சட்டம் சொல்வதால், இயந்திரத்தில் கை சிக்கினால் கேட்க நாதியில்லை என்ற பயமும் பரவலாக இருக்கிறது. தொழிலாளி அல்ல என்பது உண்மை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவை அவருக்குப் பொருந்தாது. ஆனால் தொழிற்சாலையின் பாதுகாப்பு, சுகாதாரம், நலன் தொடர்பான விதிகள் அவருக்கும் பொருந்தும். பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது.

அடுத்தது வேலை. இங்கே இரண்டு எதிரெதிரான நம்பிக்கைகள் உலவுகின்றன. ‘உள்ளே நுழைந்தாயிற்று, இனி பெர்மனன்ட்தான்’ என்பது ஒன்று. ‘முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள், பயனே இல்லை’ என்பது மற்றொன்று. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. சட்டத்தின் 22-ஆவது பிரிவு ஆள்சேர்ப்புக் கொள்கையை நிறுவனத்திடமே விடுகிறது. ஆனால் 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருக்கும்போது நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கூறியது. வயது வரம்பில் பயிற்சிக் காலத்தைக் கழித்துக்கொள்ளவும் வழி சொன்னது.

ரயில்வே ஒரு நல்ல உதாரணம். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இலிருந்து பெட்டிகள் தயாரிக்கும் ஆலை. ஃபிட்டர், வெல்டர், கார்பென்டர், எலெக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட், பெயின்டர் என்று பல தொழில்களில் அங்கே பழகுநர்களை எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வு கிடையாது, மதிப்பெண் வரிசைதான். பயிற்சி முடிந்ததும் ஐ.சி.எஃப்.-இலேயே வேலை என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் ரயில்வேயின் லெவல்-1 (அடிநிலைப் பணி) ஆள்சேர்ப்பில் 20 சதவீத இடங்கள் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’, அதாவது இந்தச் சட்டப்படியான பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அதற்கான தேர்வை அவர்களும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் கையில் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் இருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் கிடைப்பது வேறு சான்றிதழ். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, பயிற்சி முடிந்தபின் பழகுநர் சான்றிதழுக்கான அகில இந்தியத் தேர்வை எழுதாமல் விட்டுவிடுபவர் தன் உழைப்புக்கான சாட்சியைத் தானே தொலைத்துவிடுகிறார்.

ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மேற்படிப்புக்கான கதவு அடைபட்டுவிடும் என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொழிப்பாடத் தேர்வுகளில் தேறினால் ஐ.டி.ஐ. படிப்பு பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகவும் ஏற்கப்படுகிறது. வழி சற்று நீளமானது, அவ்வளவே. இது தாழ்வான வழியும் அல்ல. சுவிட்சர்லாந்தில் பழகுநராகச் சேர்வது யாருக்கும் தாழ்வாகத் தெரிவதில்லை. யு.பி.எஸ். வங்கியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த செர்ஜியோ எர்மோட்டி, லுகானோ நகரத்து வங்கி ஒன்றில் அப்ரண்டிஸாகத்தான் தன் வாழ்க்கையைத் தொடங்கினார்.

பழகுநர் பயிற்சி ஃபிட்டர், டர்னர் படிக்கும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமானதும் அல்ல. சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை. 2014 திருத்தத்துக்குப் பிறகு ஹோட்டல், மருத்துவமனை, சில்லறை விற்பனை என்று பல துறைகளும் இதற்குள் வந்துவிட்டன. கலை, அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். பொறியியல் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் சென்னை தரமணியில் தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் தனியாக இயங்குகிறது.

நிறுவனங்களிடையேயும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: பழகுநரை எடுப்பது தங்கள் விருப்பம் என்பது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது கட்டாயம். ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்கள் இருக்க வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள சிறு பட்டறைகளுக்குத்தான் அது விருப்பம். அம்பத்தூரிலோ கோவை கணபதியிலோ சிறு லேத் பட்டறை நடத்துபவரும் முறைப்படி பதிவு செய்து பழகுநரை எடுக்கலாம்.

ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டும். நிறுவனம் தன் கடமையைச் செய்யாததால் ஒப்பந்தம் முறிந்தால் பழகுநருக்கு அது இழப்பீடு தர வேண்டும். பழகுநரின் தவறால் முறிந்தால் பயிற்சிச் செலவை அவரோ காப்பாளரோ திருப்பித் தர நேரிடும். தகராறு எழுந்தால் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் முறையிட வேண்டும். அவர் தீர்ப்பு ஏற்புடையதாக இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.