எம்சிபி இருக்க ஆர்சிசிபி எதற்கு?

கேள்வி: லேத் பட்டறையில் எம்சிபி இருக்கிறது. ஆர்சிசிபி வேறு வேண்டுமா? (வாசகர், கும்மிடிப்பூண்டி)

பதில்: கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபி காப்பது ஒயரை, ஆளை அல்ல. ஈரக்கையோடு, கசிவுள்ள லேத்தைத் தொட்டவர் உடலில் 0.2 ஆம்பியர் பாயலாம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உயிர் போக அது தாராளம்.

ஆர்சிசிபி, போன கரண்ட் முழுக்கத் திரும்பியதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே சப்ளையைத் துண்டிக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் ஆள் தொடும் முன்பே விழுந்துவிடும். அதிலுள்ள ‘டி’ (டெஸ்ட்) பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். பல பட்டறைகளில் அதன்மேல் தூசிதான்.

ஆர்சிசிபியின் காவல் பட்டறைக்குள் மட்டும்; தெருவில் கிடக்கும் மின்கம்பிக்கு அது உதவாது. 2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். காய்ந்த மண்ணில் விழும் கம்பியும் ஆபத்துதான்: அதில் கசிவு சொற்பம். கோளாறை உணர்ந்து சப்ளையைத் துண்டிக்க வேண்டிய துணைமின் நிலைய ரிலேகூட ஏமாறலாம். கம்பியை நெருங்காமல், மின் புகார் மையமான மின்னகத்தை, 94987 94987 எண்ணில், அழைப்பதே சரி.