திருகாணியைக் கழற்றும் முன்

எங்கள் வீடு மண்டைதீவில் இருக்கிறது. கணினிக்கு ஒரு சிறு பகுதி வேண்டுமென்றாலும் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாண நகருக்குப் போய்வர வேண்டும். பிழையான பொருளை வாங்கி வந்தால் ஒரு நாளும் பஸ் காசும் வீண். சென்ற ஆண்டு எங்கள் பழைய மேசைக் கணினியை நானே மேம்படுத்தப் புறப்பட்டு அப்படித்தான் அலைந்தேன். அலைச்சலை மறந்துவிடலாம். ஆனால், அந்த வேலையில் திரும்பப் பெறமுடியாத ஒன்றையும் இழந்தேன். வீட்டில் கணினி வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கணினி இயங்கத் தொடங்கவே ஐந்து நிமிடங்களுக்கு மேல் எடுத்தது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் என் தங்கை, பைதன் பயிற்சி செய்ய உட்கார்ந்தால் பாதி நேரம் திரையைப் பார்த்தபடியே இருப்பாள். நினைவகம் போதாது என்று நானாக முடிவு செய்தேன். நகருக்குச் சென்று 8 ஜிகாபைட் றாம் ஒன்று வாங்கி வந்தேன். அது தாய்ப்பலகையில் இறங்கவேயில்லை.

காரணம் எளியது. நான் வாங்கியது டிடிஆர் 4. எங்கள் கணினி 2012ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் செயலியைக் கொண்டது. அதன் தாய்ப்பலகை டிடிஆர் 3 வகையையே ஏற்கும். இரண்டும் பார்வைக்கு ஒரே நீளம். ஆனால், டிடிஆர் 3இல் 240 தொடுமுனைகளும் டிடிஆர் 4இல் 288 தொடுமுனைகளும் உள்ளன. முன்னதற்கு 1.5 வோல்ற்று, பின்னதற்கு 1.2 வோல்ற்று. மாறிச் செருகிவிடக் கூடாதென்றே நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மாற்றிக் கேட்கப் போனபோது கடைக்காரர், “தங்கச்சி, பழையதைக் கழற்றிக் கையிலை கொண்டு வந்திருந்தால் இந்த அலைச்சல் வந்திராது” என்றார். முதற் பாடம் அதுதான்.

சரியான றாமைப் பொருத்தியதும் கணினி திரை காட்டாமல் விட்டுவிட்டுக் கூவியது. நினைவகம் சரியாகத் தொடுபடவில்லை என்பதற்கான அறிகுறி அது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் எங்கள் ஊரில் எந்த உலோகத்தையும் சும்மா விடுவதில்லை. மின்னிணைப்பைக் கழற்றி, பழைய றாமின் தொடுமுனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசி தட்டி மீண்டும் செருகினேன். திரை வந்தது.

ஆனால், கணினி தன்னால் பயன்படுத்தக்கூடிய நினைவகம் 3 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் என்றே காட்டியது. அதில் இருந்தது 32 பிற் விண்டோஸ். 32 இடங்களில் 0 அல்லது 1 எழுதினால் கிடைக்கும் முகவரிகள் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296. ஒரு முகவரிக்கு ஒரு பைட் என்றால் மொத்தம் 4 ஜிகாபைட். அதிலும் ஒரு பங்கை மற்ற வன்பொருள்கள் எடுத்துக்கொள்ளும். வீட்டில் எத்தனை அறைகள் கட்டினாலும் இலக்கமில்லாத அறைக்குத் தபால் போகாதல்லவா? 64 பிற்றுக்கு மாறவேண்டும். அதற்கு இருப்பதன்மேல் மேம்படுத்த முடியாது. பணிசெயல் முறைமையைப் புதிதாகவே நிறுவவேண்டும்.

நிறுவினேன். வன்தட்டை அழித்து நிறுவினேன். தங்கையின் பாடக் குறிப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவைத்திருந்தேன். எல்லாம் எடுத்தாயிற்று என்றுதான் நினைத்தேன். மாலையில் தங்கை கேட்டாள்: “அக்கா, அம்மம்மான்ரை குரல் எந்த ஃபோல்டரிலை கிடக்கு?”

அம்மம்மா காலமாவதற்கு முந்திய ஆண்டு, 1990 இடப்பெயர்வுக்கு முன்னர் எங்கள் ஒழுங்கையில் யார் யார் இருந்தார்கள், எந்தக் கிணறு நன்னீர், எது உவர் என்றெல்லாம் அவர் சொன்னதைத் தங்கை கைபேசியில் ஒன்பது பதிவுகளாக எடுத்திருந்தாள். கைபேசியில் இடமில்லையென்று கணினிக்கு மாற்றியதும் அவள்தான். அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கும் வாய்ப்புண்டு. அந்த இடத்தின்மேல்தான் நான் ஒருநாள் முழுவதும் விண்டோஸையும் மென்பொருள்களையும் எழுதிக்கொண்டிருந்தேன். மீட்பு மென்பொருளால் ஒன்றும் கிடைக்கவில்லை. கனடாவிலுள்ள மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இரண்டு பதிவுகள் மட்டும் மிஞ்சின.

இத்தனைக்கும் பின்னர் கணினி வேகமாயிற்றா என்றால், சிறிதளவே. அப்போதுதான் முதல்நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். நினைவகம் பாதிகூட நிரம்பவில்லை. வன்தட்டு 100 வீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. நோய் அங்கே இருந்திருக்கிறது.

வன்தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன். தேடும் தரவு தலைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரமும் சேர்ந்தால் ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிசெக்கனுக்கு மேலாகும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. தேடல் 0.1 மில்லிசெக்கன் அளவில் முடிந்துவிடும். 240 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினேன். ஐந்து நிமிடம் அரை நிமிடமாயிற்று.

இதை முதலில் செய்திருந்தால் பழைய வன்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவியிருப்பேன். அம்மம்மாவின் ஒன்பது பதிவுகளும் பழைய தட்டில் அப்படியே இருந்திருக்கும். வாங்கிய பொருள்கள் எல்லாம் பயன்பட்டன. வரிசைதான் பிழைத்தது.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 எங்கள் கணினியில் இல்லை. இன்டெல் செயலியென்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். ஆகவே இப்போது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ற் போட்டிருக்கிறோம். பைதனுக்கும் கட்டுரை எழுதுவதற்கும் அது தாராளமாகப் போதும். இம்முறை நிறுவும் முன் தங்கையை அருகில் இருத்தி, ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்தோம்.

சகோதரிகளே, கணினியைத் திறப்பதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால், திருகாணியைக் கழற்றும் முன் ஒரு தாளை எடுங்கள். எது திணறுகிறது என்று பார்த்து எழுதுங்கள். தாய்ப்பலகையின் பெயரையும் றாமின் வகையையும் குறியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்தக் கணினியைத் தொடும் ஒவ்வொருவரிடமும் “இதற்குள் உங்கட சாமான் ஏதும் இருக்கா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் என் தங்கையிடம் கேட்கவில்லை.