முழுக்கோதுமையில் சாக்லேட் பழக் கேக்

கேள்வி: கோதுமை மாவில் உலர்பழங்கள் சேர்த்துச் சுடும் சாக்லேட் கேக் வறண்டு இறுகிவிடுகிறது. மென்மையாக வர என்ன வழி?

பதில்: கோதுமை மாவிலுள்ள தவிடு மைதாவைவிட அதிக ஈரத்தை உறிஞ்சும். ஊறவைக்காத உலர்பழங்களும் கலவையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வறட்சிக்கு இவ்விரண்டுமே முக்கியக் காரணங்கள்.

பேரீச்சை, அத்தி, திராட்சை மூன்றும் சேர்ந்து 150 கிராம் எடுத்து, பொடியாக நறுக்கி, ஆரஞ்சுச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்து வடிக்க வேண்டும். 200 கிராம் மாவு, 40 கிராம் கோகோ, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா ஆகியவற்றைச் சலித்துக்கொள்ள வேண்டும். 150 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் நாட்டுச் சர்க்கரையையும் நன்றாக அடித்து, 3 முட்டை, உருக்கி ஆறவைத்த 100 கிராம் டார்க் சாக்லேட், 150 மில்லி தயிர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தயிரின் புளிப்பு சோடாவைப் பொங்கச் செய்யும்.

கடைசியில் மாவையும் பழங்களையும் போட்டு மெதுவாகக் கிளறினால் போதும். அதிகம் கலக்கினால் குளூட்டன் இறுகிவிடும். 8 அங்குலத் தட்டில் ஊற்றி, 160 டிகிரி செல்சியஸில் 50 முதல் 60 நிமிடம் சுட வேண்டும். நடுவில் குத்தும் குச்சியில் ஈர மாவு ஒட்டாமல் ஓரிரு துகள்கள் மட்டும் ஒட்டினால் அதுவே சரியான பதம். முழுதும் ஆறியபின் மூடிவைத்தால், மறுநாள் ஈரம் சீராகப் பரவிச் சுவை கூடும்.